தஞ்சையின் உக்கிராணக்காரர்

தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே போர். குடியானவர்களிடம் நெல் இருந்தது. ஆனால் கோட்டைக்குக் கொண்டுவர மறுத்தார்கள். அரசரின் சொல்லை அவர்கள் நம்பவில்லை. கம்பெனியார் சொல்லையும் நம்பவில்லை. ஒரே ஒருவரைத்தான் நம்பினார்கள்.

அவர் ஒரு ஜெர்மன் பாதிரியார். பெயர், கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ்.

தாயின் ஆசை

ஸ்வார்ட்ஸ் 1726-ல் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். மகனைக் கடவுள் பணிக்கு விடவேண்டும் என்பதே அந்தத் தாயின் கடைசி ஆசை. மகன் அதை நிறைவேற்றினார். ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்றார். தமக்குரிய சொத்துப் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்.

பிறகு திருச்சிக்குப் போனார். அங்கே ஒரு பழைய கட்டடத்தில் சிறிய அறை. கட்டில் போடத்தான் இடம். சோறும் காய்கறியுமே சாப்பாடு. உடுத்தியது சாயம் தோய்த்த முரட்டுத் துணி. கலியாணம் செய்துகொள்ளவில்லை.

கிறிஸ்தவ வேதத்தில் உக்கிராணக்காரன் என்று ஒரு சொல் உண்டு. களஞ்சியத்தின் சாவி அவன் கையில் இருக்கும். ஆனால் பொருள் எஜமானுடையது. ஒரு நாள் கணக்குக் கேட்பார். அப்போது கணக்குச் சொல்லவேண்டும். கையில் வந்த ஒவ்வொரு காசையும் ஸ்வார்ட்ஸ் அப்படித்தான் எண்ணினார். கம்பெனியார் ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் தந்தபோது, அதில் பாதியைச் சபைப் பணிக்கே கொடுத்தார்.

ஐதர் தந்த பணம்

1779-ல் கம்பெனியார் அவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரை மரியாதையோடு வரவேற்றார். வழிச்செலவுக்கு 300 ரூபாயும் கொடுத்தனுப்பினார்.

ஊர் திரும்பியதும் ஸ்வார்ட்ஸ் அந்தப் பணத்தைச் சென்னை அரசாங்கத்திடம் நீட்டினார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அவரோ அதைத் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கினார்!

ஒரு சொல் போதும்

1780-ல் ஐதர் போர் தொடுத்தார். வயல்கள் பாழாயின. பசியால் மக்கள் தெருவில் விழுந்தார்கள். விலை மலிவாக இருந்தபோதே ஸ்வார்ட்ஸ் அரிசி வாங்கிச் சேர்த்திருந்தார். அதைக் கொண்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார்.

கோட்டைக்கு நெல் வராதபோது அரசர் அவர் உதவியை நாடினார். ஸ்வார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். மாடு பறிபோனால் அதற்குத் தாமே பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. 80 ஆயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் பணம் கொடுத்துக் கணக்குத் தீர்த்தார்.

பகைவரும் அவரை மதித்தனர். அவரைத் தடுக்காமல் வழிவிடும்படி ஐதரே தம் படைக்கு உத்தரவிட்டார்.

இளவரசரின் கண்ணீர்

1787-ல் தஞ்சை மன்னர் துளஜா இறந்தார். சாகுமுன், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை ஸ்வார்ட்ஸின் பொறுப்பில் விட விரும்பினார். அந்தச் சிறுவனுக்கு ஆபத்து வந்தபோது காத்தவர் ஸ்வார்ட்ஸ். படிக்கவைத்தவரும் அவரே. இளவரசரின் உரிமைக்காக வாதாடி எழுதினார். மதம் மாற்ற அந்தப் பொறுப்பை அவர் பயன்படுத்தவில்லை. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார்.

1798 பிப்ரவரி 13-ல் ஸ்வார்ட்ஸ் கண் மூடினார். வயது 71. மிச்சமிருந்த பொருளை மிஷன் பணிக்கும் ஏழைகளுக்கும் எழுதிவைத்திருந்தார்.

அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். பிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு பளிங்குச் சிலை செய்வித்தார். சாகும் தறுவாயில் படுத்திருக்கும் பாதிரியார். அவர் கையைப் பற்றி நிற்கும் இளவரசர். தஞ்சை சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் அந்தச் சிலை இருக்கிறது.

தமக்கென்று எதையும் சேர்க்காதவருக்கு ஓர் அரசர் எழுப்பிய நினைவுச் சின்னம் அது!