ழான் பியாஜேயும் பேசாத சாட்சியும்

வாய் பேசாத சாட்சியிடமிருந்து உண்மையைப் பெறுவது எங்ஙனம் என்பது நியாயஸ்தலங்களில் மட்டும் எழும் பிரச்னை அன்று. பிறந்து சில மாதங்களே ஆன சிசுவுக்கு என்ன தெரியும், தெரியாததை அது எவ்வாறு கற்கிறது என்று ஆராயப் புகுந்தவனும், கேள்வியையே அறியாத ஒரு சாட்சியை விசாரிக்க வேண்டியவனாகிறான். இவ்விசாரணையை ஒரு சாஸ்திரமாக நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் ஸ்விட்ஜர்லாந்து தேசத்து அறிஞர் ழான் பியாஜே. பொது ஊழியத்தில் ஈடுபட்டோர் சிந்திக்கத்தக்க பாடம் ஒன்று அவருடைய சரித்திரத்தில் அடங்கியிருப்பதால், அதைச் சுருக்கமாக இங்கே கூறுகிறோம்.

பியாஜே 1896-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி நெஷாட்டெல் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரத்துச் சர்வகலாசாலையில் இடைக்கால இலக்கியப் பேராசிரியர். மகனுக்கோ ஏட்டைவிட ஜீவராசிகளிடமே ஈடுபாடு அதிகம். 1907-ல், பள்ளிச் சிறுவனாக இருக்கும்போதே, தாம் கண்ட வெளிறிய குருவி ஒன்றைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதிப் பிரசுரித்தார். பின்னர் உள்ளூர்க் காட்சிசாலையில் நத்தை, சிப்பி முதலியவற்றை வகைப்படுத்தும் வேலையில் பழகி, 1918-ல் இயற்கை விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பொறுமையாகப் பார்ப்பது, பார்த்ததைக் குறித்து வைப்பது ஆகிய இரண்டும் அவருக்கு இளமையிலேயே கைவந்த பழக்கங்களாயின.

முதல் உலக யுத்தம் முடிந்தபின் அவர் பாரிஸ் சென்றார். புத்தியை அளக்கும் பரீட்சைகளை வகுத்த ஆல்பிரட் பினே அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய சகாவான தியோடோர் சிமோன், ஆங்கில மனோதத்துவ நிபுணர் ஸிரில் பர்ட் தயாரித்த வினாக்களைப் பாரிஸ் பிள்ளைகளிடம் பரீட்சிக்கும் பணியை இவ்விளைஞரிடம் ஒப்படைத்தார். எந்த வயதில் எத்தனை விடைகள் சரியாக வருகின்றன என்று கணக்கெடுப்பதே வேலை. பியாஜேயின் கவனமோ தவறான விடைகளின்மீது சென்றது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே விதமாகத் தவறுவதை அவர் கண்டார். தவறு என்று தள்ளப்பட்ட விடைக்குப் பின்னே குழந்தைக்கே உரிய தர்க்கம் ஒன்று இருப்பதை உணர்ந்தார். அன்று முதல் மார்க் போடுவதை விட்டு, குழந்தை எவ்வழியாக அவ்விடைக்கு வந்தது என்று தேடலானார்.

1921-ல் பேராசிரியர் கிளாபரேத் அவரை ஜினீவா நகரத்து ரூஸோ கழகத்துக்கு அழைத்துக்கொண்டார். 1923-ல் வாலந்தீன் ஷாத்தனே என்பவரை மணந்தார். ழாக்லீன் 1925-லும், லூஸியேன் 1927-லும், லோரான் 1931-லும் பிறந்தனர். தம்பதிகள் இருவரும் அம்மூன்று குழந்தைகளையும் நாள்தோறும் உற்று நோக்கிக் குறிப்பெடுத்தனர். தொட்டிலே அவர்களுடைய ஆராய்ச்சிசாலை ஆயிற்று.

அவர் செய்த சோதனைகள் மிக எளியவை. குழந்தை பிடிக்க விரும்பும் பொருளை அதன் கண்ணெதிரே துணியால் மூடுவார். சுமார் எட்டு மாதம் வரையில் குழந்தை துணியை நீக்கித் தேடுவதில்லை. பொருளே உலகில் இல்லாது போனதுபோல் சும்மா இருந்துவிடுகிறது. அதற்குப் பின் தேடத் தொடங்குகிறது. ஆயினும் முதலிடத்தில் சில முறை கண்டெடுத்த பொருளை, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறிடத்தில் மறைத்தால், பழைய இடத்திலேயே போய்த் தேடுகிறது. ஒன்றேகால் வயது கடந்த லூஸியேனிடம், தீப்பெட்டிக்குள் சங்கிலியை இட்டு, திறப்பைச் சிறிதாக்கிக் கொடுத்தார். அவள் சற்றுத் தயங்கி, தன் வாயை மேலும் மேலும் அகலத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு விரலை நுழைத்துப் பெட்டியைத் திறந்தாள். சொல் வருமுன்பே சிந்தனை உடலசைவில் தோன்றுவதற்கு இதை அவர் சான்றாகக் கொண்டார்.

இக்குறிப்புகளிலிருந்து 1936-லும் 1937-லும் இரண்டு சிறந்த நூல்கள் வெளிவந்தன. அறிவு என்பது பிறவியிலேயே முழுதாக வந்ததும் அன்று, பிறர் வெளியிலிருந்து ஊற்றுவதும் அன்று. பிடித்தும் இழுத்தும் எறிந்தும் குழந்தை தானே கட்டி எழுப்புவது அது என்பதே அவருடைய சித்தாந்தம். 1955-ல் அறிவின் வளர்ச்சியை ஆராயும் சர்வதேச நிலையம் ஒன்றை ஜினீவாவில் நிறுவினார். 1980-ம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி, தமது 84-வது வயதில் காலமானார்.

அவர் தீர்ப்பின்மீது அப்பீல் அவர் வாழ்நாளிலேயே தொடங்கிவிட்டது. துணியை நீக்காத குழந்தைக்கு அறிவில்லையா, அல்லது கையில் திறமையில்லையா என்பதே வழக்கு. கைக்கு முன்பே கண் பழகிவிடுகிறது. சிசு எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளந்து, பிறந்த சில நாட்களிலேயே அது வெறுந்தளத்தைவிடக் கோலமுள்ள உருவத்தை விரும்பிப் பார்க்கிறது என்று அமெரிக்கரான ராபர்ட் பான்ட்ஸ் 1960-களின் தொடக்கத்தில் காட்டினார். பியாஜே மறைந்த அதே 1980-ல், டிகாஸ்பர், பைபர் என்ற இருவர் ரப்பர்க் காம்பொன்றைச் சிசுக்களின் வாயில் வைத்துச் சோதித்தனர். பிறந்து மூன்று நாள்கூட நிரம்பாத அவை, தாயின் குரல் கேட்பதற்காகச் சூப்பும் முறையையே மாற்றிக்கொண்டன.

1985-ல் ரெனே பாயார்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர், ஐந்து மாதக் குழந்தைகளின் முன்னே முன்னும் பின்னும் சாயும் தட்டி ஒன்றை வைத்தனர். அது அலுக்கும்வரை காட்டியபின், தட்டிக்குப் பின்னே ஒரு பெட்டியை நிறுத்தினர். தட்டி பெட்டியில் முட்டி நின்றபோது குழந்தைகள் பெரிதும் வியக்கவில்லை. சூழ்ச்சியால் பெட்டியை இரகசியமாக அகற்றி, அது இருந்த இடத்தின் வழியே தட்டி முழுதும் சாயும்படி செய்தபோது நெடுநேரம் பார்த்தன. கண்ணுக்கு மறைந்த பெட்டி இன்னும் இருக்கிறது என்பது அவற்றுக்கு ஒருவாறு தெரியும் என்று ஆராய்ச்சியாளர் கொண்டனர். நெடிது பார்ப்பது அறிவுக்கு அத்தாட்சியா, புதுமையால் வந்த கவர்ச்சியா என்று வாதிப்போரும் உளர். அவ்வாதம் முடிவு பெறவில்லை.

இதனால் பியாஜேயின் பெருமை குன்றியதாக நாம் கருதவில்லை. வழக்கைத் தொடுத்தவர் அவரே; பின்வந்தோர் அவருடைய கேள்வியையே வேறு விதமாகக் கேட்டனர். ஆனால் பாரிஸில் பிறருடைய வினாத்தாளில் அவர் கண்டுபிடித்த குறை, தொட்டிலருகே அவருடைய சோதனைக்குள்ளும் ஒளிந்திருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். விடை வராதபோது சாட்சியைச் சந்தேகிப்பது எளிது. கேள்வியைச் சந்தேகிப்பது அரிது.

ஜனங்களிடையே வேலை செய்வோருக்கு இது மறக்கத்தகாத விதி. அதிகாரியின் பாஷையில் விடை சொல்ல இயலாத குடியானவனையும், பரீட்சைத் தாளின்முன் திகைக்கும் மாணவனையும், சபையில் வாய் திறவாத பெண்மணியையும் அறியாதவர்கள் என்று முடிவு கட்டுகிறோம். அவர்களுக்குக் கைவந்த வழியில் நாம் ஒருமுறையேனும் கேட்டதுண்டா? தொட்டிலில் கிடக்கும் சிசுவிடமே இத்தனை அறிவு மறைந்திருக்குமானால், மௌனத்தை அறியாமையென்று எழுதிவிடும் தீர்ப்புகளை நாம் எல்லோரும் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்வதே தர்மமாகும்.