கடற்பஞ்சு கண்ட கிராண்ட்

எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில், ஸ்பிரிட்டில் ஊறிய கடற்பஞ்சு ஒன்று இருக்கிறது. மான்கொம்பு போலக் கிளைத்தது. அது எந்தச் சிற்றினம் என்று கண்டு சொல்லும் வேலை எனக்கு வந்தது. புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டு அரைமணியில் பெயர் எழுதிவிட்டேன். பேராசிரியர் சீட்டைக் கிழித்துப் போட்டார். நீரோட்டத்திற்கேற்ப ஒரே கடற்பஞ்சு ஓரிடத்தில் கிளைக்கும், வேறோரிடத்தில் பாறைமேல் படரும். ஆதலால் உருவத்தை நம்பலாகாது, உள்ளிருக்கும் நுண்முள்ளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்டளை. நான் எழுதிய பெயரின் முற்பாதி ஹாலிகுளோனா. அப்பேரினத்திற்குப் பெயரிட்டவர் யார் என்று தேடியபோது கிடைத்ததே இவ்வரலாறு.

ராபர்ட் எட்மண்ட் கிராண்ட் 1793-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். 1814-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் அவர் உள்ளம் நோயாளிகளை நாடவில்லை, கடலை நாடியது. பாரிசிலும் ஐரோப்பாவின் பிற நகரங்களிலும் பயின்று திரும்பியவர், குளிர்காலங்களில் பிரஸ்டன்பான்ஸ் என்னும் கடற்கரை ஊரில் தங்கிப் பாறைக் குட்டைகளைத் துழாவினார்.

கடற்பஞ்சு செடியா, பிராணியா? அக்காலத்தில் அது தீராத வழக்கு. 1825-இல் கிராண்ட் கடற்பஞ்சின் சிறு கிளையொன்றைக் கடல்நீரோடு ஒரு கண்ணாடிச் சில்லில் இட்டு, நுண்பெருக்கியின் கீழ் வைத்தார். நீரில் துகள்கள் ஓடின. சில்லைச் சற்றே நகர்த்தியதும், கிளையின் பக்கத்துத் துளையிலிருந்து நீர் பீறிட்டு வருவதைக் கண்டார். இடையிடையே கண்ணை எடுத்தாலும், மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். நுண்ணிய துளைகள் வழியே நீர் புகும், பெரிய துளை வழியே வெளியேறும், வழி மாறுவதில்லை. அடுத்து, அதன் இளம் உயிர்கள் நுண்மயிர்களை அசைத்து நீந்துவதையும் கண்டார். சில கடற்பஞ்சுகளின் முள் சுண்ணாம்பாலும், சிலவற்றின் முள் கண்ணாடிக்குரிய மணற்சத்தாலும் ஆனவை என்று பிரித்துக் காட்டினார். துளையுடலிகள் என்று நாம் தேர்வில் எழுதுகிறோமே, அதன் மூலமாகிய போரிஃபெரா என்னும் சொல்லும் அவர் தந்ததே.

1825-இல் எடின்பரோவுக்குப் படிக்க வந்த பதினாறு வயது இளைஞன் ஒருவன் அவரோடு கரையில் அலைந்தான். அவன்தான் சார்லஸ் டார்வின். ஃபிளஸ்ட்ரா என்னும் கடலுயிரின் முட்டை எனப்பட்டவை நீந்தித் திரிவதை அவன் கண்டுபிடித்தான். 1827 மார்ச் 27 அன்று, மாணவர்களின் பிளினியன் சங்கத்தில் அதை அறிவித்தான். ஆனால் மூன்று நாள் முன்னதாகவே, மார்ச் 24 அன்று, பெரியவர்களின் வெர்னேரியன் சங்கத்தில் கிராண்ட் அதைப் பேசிவிட்டிருந்தார். சீடன் மனம் கசந்தது என்பர். கிராண்டின் வாழ்வில் இது ஒரு கறையே, மறைப்பதில் பயனில்லை.

அவ்வாண்டே இலண்டனில் புதிதாகத் தோன்றிய பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். 1874-இல் இறக்கும் வரை அப்பதவியிலேயே இருந்தார். மாணவர் செலுத்தும் கட்டணமே பெரும்பாலும் வருவாய். கட்டணம் சுருங்கியபோது வறுமை சூழ்ந்தது. ஆயினும் அவர் வகுப்பு நின்றதில்லை. பாடங்காட்ட அவர் சேர்த்த எலும்புகளும் குடுவைகளும் இன்று அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகமாக விளங்குகின்றன. உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தன என்ற கொள்கையை, அது பழிக்கப்பட்ட காலத்திலேயே அவர் வெளிப்படையாகக் கற்பித்தார்.

1861-இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பில் டார்வின் அவரை முன்னோடிகளுள் ஒருவராகக் குறித்தார். முதுமையிலோ, இலண்டன் சென்றபின் கிராண்ட் விஞ்ஞானத்தில் எதுவும் செய்யவில்லை என்று வியந்து எழுதினார். நாற்பத்தேழு ஆண்டுகள் வகுப்பில் நின்றதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை போலும்!

நிற்க. என் கடற்பஞ்சின் துணுக்கை அமிலத்தில் இட்டேன். சதை கரைந்தது, முட்கள் கரையவில்லை. இரு முனையும் கூரிய சிறு ஊசிகள். மெல்லிய சீவல் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். அவ்வூசிகள் வலைக்கண்களாகப் பின்னியிருந்தன. ஹாலிகுளோனா என்பது உறுதியாயிற்று. சிற்றினம் எது என்று அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன். குடுவையின் புதிய சீட்டில் அவ்விடத்தை இன்னும் வெறுமையாகவே விட்டிருக்கிறேன். நண்பர்களே, அரைமணியில் எழுதிய முழுப்பெயரைவிட இந்தப் பாதிப்பெயர் எனக்குப் பெருமை தருகிறது.