சாயமிடாத சட்டை

கடந்த நோன்புப் பெருநாளுக்கு உம்மா எடுத்துத் தந்த துணியை எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் தாத்தாவிடம் கொண்டு போனேன். அவர் கேட்ட கூலியில் 300 ரூபாவைக் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பேரம் பேசத் தெரிந்தவள் என்று வீட்டில் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். சில வாரங்களின் பின் வரலாற்றுப் பாட ஒப்படைக்காக அமெரிக்க அடிமை முறையைப் பற்றி வாசித்தபோது ஜோன் வுல்மன் என்ற பெயரைக் கண்டேன். அவரும் ஒரு தையல்காரர். அவருடைய வாழ்க்கையை வாசித்து முடித்தபோது அந்த 300 ரூபா என் மனதை உறுத்தத் தொடங்கியது. அவரைப் பற்றி எழுத நினைத்ததற்கு அதுவே காரணம்.

ஜோன் வுல்மன் 1720 ஒக்டோபர் 19ஆம் திகதி நியூ ஜேர்சியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது பிரித்தானியரின் குடியேற்ற நாடு. அவருடைய குடும்பத்தினர் குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிமையும் உண்மை பேசுதலும் அவர்களது அடையாளங்கள். ஆயினும் அவர்களிலும் பலர் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். அதை அக்காலத்தில் பெரும்பாலானோர் தவறாக நினைக்கவில்லை.

இளைஞரான வுல்மன் மவுண்ட் ஹொலி என்ற சிற்றூரில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு 23 வயதளவில் ஒரு நாள், கடை முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண்ணொருத்தியை விற்பதற்கு முடிவு செய்து, விற்பனைப் பத்திரத்தை உடனே எழுதும்படி சொன்னார். வாங்குபவர் அருகிலேயே காத்திருந்தார். வுல்மனின் மனம் கலங்கியது. முதலாளியின் சொல்லைத் தட்ட முடியாமல் எழுதிக் கொடுத்தார். ஆனால் அடிமை வைத்திருப்பது தம் மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று நம்புவதாக இருவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. எழுதாமலே இருந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் வருந்தினார். அடுத்த முறை அப்படியொரு பத்திரம் எழுதும்படி கேட்டபோது மறுத்துவிட்டார். அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லும் மரண சாசனங்களையும் எழுத மறுத்தார். அதனால் அவருக்கு வருமானம் போனது. பழகியவர்களின் மனத்தாங்கலையும் தாங்க வேண்டியிருந்தது.

பின்னர் அவர் தையல் தொழில் செய்துகொண்டே சொந்தமாக ஒரு கடையும் நடத்தினார். 1749இல் சாரா எல்லிஸ் என்பவரை மணந்தார். கடையில் வியாபாரம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. யாரும் மகிழக்கூடிய அந்த வளர்ச்சி அவருக்குக் கவலையைத் தந்தது. ஏழை வாடிக்கையாளர்கள் தேவைக்கு மேலான பொருட்களைக் கடனுக்கு வாங்கிச் சிக்கிக்கொள்வதை அவர் கண்டார். பெரிய வியாபாரம் மனிதனை முழுவதுமாக விழுங்கிவிடும் என்றும் உணர்ந்தார். 1756 அளவில், வேறு கடைகளைப் பார்த்துக்கொள்ளும்படி வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி, படிப்படியாக வியாபாரத்தை விட்டார். தையலும் ஓர் அப்பிள் நாற்றுத் தோட்டமும் குடும்பத்துக்குப் போதும் என்று தீர்மானித்தார். வியாபாரம் நொடிந்து கடையை மூடியவர்களை நான் அறிவேன். நன்றாக ஓடுகிறது என்பதற்காகவே ஒருவர் கடையை விட்டதை அன்றுதான் முதன்முதலாக வாசித்தேன்.

1757இல் அவர் வேர்ஜினியா முதலான தென்பகுதிகளுக்குப் பயணம் போனார். வழியில் தங்க வேண்டிய வீடுகள் பலவற்றில் அடிமைகளே சமைத்தார்கள், குதிரைகளைப் பராமரித்தார்கள். விருந்தினர் எவரும் அதற்குப் பணம் கொடுப்பது வழக்கமில்லை. கூலியில்லாத உழைப்பில் இலவசமாகச் சாப்பிட்டால் அந்த அநீதியில் தமக்கும் பங்குண்டு என்று வுல்மன் கருதினார். பயணத்துக்கு முன்பே சிறு வெள்ளி நாணயங்களைச் சேர்த்து வைத்திருந்தார். விடைபெறும்போது அந்த அடிமைகளின் கையில் அவற்றைக் கொடுத்தார். சில வீடுகளில், அவர்களிடம் சேர்த்துவிடும்படி வீட்டுக்காரரிடமே கொடுத்தார். உபசரித்தவரிடம் அப்படிப் பணம் நீட்டுவது அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தாம் வாங்கும் ஒவ்வொரு பொருளும் யாருடைய கையிலிருந்து வருகிறது என்று அவர் பார்க்கத் தொடங்கினார். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பை விளைவித்தவர்கள் அடிமைகள். எனவே சீனி உண்பதை நிறுத்தினார். சாயம் துணியின் அழுக்கை மறைக்கிறது, அதன் உறுதியையும் குறைக்கிறது என்று கருதிச் சாயமிடாத உடையை அணிந்தார். 1762இல் இயற்கை நிறத்திலேயே ஒரு தொப்பி வாங்கினார். அப்போது வெளிர் நிறத் தொப்பி சிலரிடையே நாகரிகமாக இருந்ததால், இவரும் நாகரிகத்துக்காகவே அணிகிறார் என்று சிலர் நினைத்தார்களாம்! நண்பர்கள் சிலர் விலகி நடந்தார்கள். அது அவருக்கு வேதனை தந்தது. ஆனாலும் உடையை மாற்றவில்லை.

அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் பாதித்தது அவர் செய்த ஒரு தவறு. முன்னொரு காலத்தில், இறந்த ஒருவரின் சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பில் மற்றொருவருடன் சேர்ந்து இருந்தபோது, அடிமைச் சிறுவன் ஒருவனை 30 வயது வரை வேலை செய்யும்படி விற்றிருந்தார். ஆண்டுகள் பல கடந்த பின் அந்த நினைவு அவரை வாட்டியது. அந்த இளைஞனின் தவணையில் கடைசி நாலரை ஆண்டுகளுக்குரிய நியாயமான தொகையை, அவனை வாங்கியவருக்குத் தாமே தருவதாக முறி எழுதிக் கொடுத்தார். வருந்தியதோடு நில்லாமல், தம் தவறுக்கு என்ன விலை என்று கணக்கிட்டுத் தம் பையிலிருந்தே கட்ட முன்வந்தார்.

தனியே நல்லவராக வாழ்வது போதும் என்றும் அவர் இருந்துவிடவில்லை. அடிமை முறைக்கு எதிரான அவருடைய நூல் 1754இல் வெளிவந்தது. 1758இல் பிலடெல்பியாவில் கூடிய குவேக்கர் ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருந்த உறுப்பினர்களை வீடு வீடாகச் சென்று சந்திக்க ஒரு குழுவை நியமித்தது. அதில் வுல்மனும் இருந்தார். யாரையும் அவமதிக்காமல் அமைதியாகப் பேசினார்.

1772இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நல்ல அறையில் இருந்த வீண் அலங்காரங்களுக்குத் தம் பணம் போவதை விரும்பாமல், மாலுமிகள் தங்கும் இருண்ட கீழ்த்தளத்தில் பயணம் செய்தார். அந்நாட்டில் விரைவு வண்டிகளை இழுத்த குதிரைகளும் அவற்றை ஓட்டிய சிறுவர்களும் பட்ட துன்பத்தை அறிந்து கால்நடையாகவே சென்றார். போகும் வழியில் கூலியையும் பொருட்களின் விலையையும் குறித்துக்கொண்டார். பல மாவட்டங்களில் கூலியாளுக்கு நாளொன்றுக்கு 10 பென்ஸ். நூல் நூற்ற பெண்களில் சிலருக்கு 4 பென்ஸ் மட்டுமே. ஒரு புஷல் கோதுமையோ சுமார் 8 ஷில்லிங், அதாவது 96 பென்ஸ். ஏறத்தாழ 27 கிலோ கோதுமைக்கு ஓர் ஆண் பத்து நாட்கள் உழைக்க வேண்டியிருந்தது. 4 பென்ஸ் பெற்ற பெண்ணுக்கோ 24 நாட்கள்! ஏழைகள் பலர் ரொட்டியும் தண்ணீருமாக வாழ்ந்ததையும் அவர் எழுதி வைத்தார்.

அந்தப் பயணத்திலேயே பெரியம்மை கண்டு, 1772 ஒக்டோபர் 7ஆம் திகதி யோர்க் நகரில் தமது 51ஆவது வயதில் இறந்தார். அவருடைய நாட்குறிப்பு 1774இல் நூலாக வெளிவந்தது. 1776இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தது. 1791 முதல் பிரித்தானியாவில் ஏராளமான குடும்பங்கள் அடிமைகள் விளைவித்த சீனியைக் கைவிட்டன. அப்படிக் கைவிட்டவர்கள் 3 இலட்சம் பேர் என்று தோமஸ் கிளார்க்சன் கணித்தார். சமையலறையில் சீனி வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இவை எதையும் வுல்மன் காணவில்லை.

மலிவாகக் கிடைத்தது என்று நாம் மகிழும்போது, அந்த மலிவுக்கு வேறு யாராவது விலை கொடுத்திருக்கலாம் என்பதை அவரிடம் கற்றேன். ஒப்படையைக் கொடுத்த அன்று மாலை, சேமித்து வைத்திருந்த 300 ரூபாவை எடுத்துக்கொண்டு தையல்காரத் தாத்தாவின் வீட்டுக்குப் போனேன். பேசிய கூலி பேசியதுதான் என்று அவர் முதலில் வாங்க மறுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் வாங்கி, எண்ணாமலே தையல் இயந்திரத்தின் லாச்சியில் வைத்துவிட்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எப்போது துணி கொண்டு வருவேன் என்று கேட்டார்.