மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடி சேர் விக்டர் ஹோஸ்லி

நமது ஆலயத்துக்கு வரும் அடியார்களுள் வைத்தியர்களும் தாதியரும் மருந்தாளர்களும் நிறையப் பேர் என்பதை எல்லோரும் அறிவர். ஆர்ச்வே நிலையத்தில் இறங்கியதும் அருகில் தெரியும் விட்டிங்டன் வைத்தியசாலையில் நமது பிள்ளைகள் பலர் பிறந்திருக்கிறார்கள். நமது பெரியவர்கள் பலர் அங்கே பணியாற்றியும் இருக்கிறார்கள். அங்கு பயிற்சிக்கு வரும் மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். ஆர்ச்வேயில் பாதாள ரயிலேறி வாரன் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் கவர் வீதியிலுள்ள அக்கல்லூரி சில நிமிட நடைதான். அங்கே படித்து, அங்கேயே பேராசிரியராகி, தமது கடிதங்களும் ஆய்வுக் குறிப்புகளும் இன்றுவரை அங்கேயே பேணப்படும் பேறு பெற்ற ஒருவரைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறோம்.

விக்டர் ஹோஸ்லி 1857ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி லண்டன் கென்சிங்டனில் பிறந்தார். அதே நாளில்தான் விக்டோரியா மகாராணியாரின் கடைசி மகள் பியற்றிஸ் இளவரசியும் பிறந்தார். அதனால் மகாராணியாரின் விருப்பப்படி குழந்தைக்கு விக்டர் என்ற பெயர் வைக்கப்பட்டது. தந்தையார் ஜோன் கோல்கொட் ஹோஸ்லி புகழ்பெற்ற ஓவியர். ஆண்டுதோறும் மார்கழியில் நம் வீட்டு வாசலில் வந்து விழுகின்றனவே நத்தார் வாழ்த்து அட்டைகள், அவற்றுள் முதலாவதை 1843இல் வரைந்தவர் அவரே. பாடிங்டன் ரயில் நிலையத்தைக் கட்டிய பொறியியலாளர் புரூனலுக்கு வாழ்க்கைப்பட்டவர் விக்டரின் அத்தை. இப்படிக் கலையும் செல்வாக்கும் நிறைந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளை, இரத்தமும் சீழும் நிறைந்த தொழிலைத் தேர்ந்துகொண்டது. மாணவனாக இருந்தபோதே மயக்கமருந்து மூளையை என்ன செய்கிறது என்று அறிவதற்காகத் தம் மீதே பலமுறை அதைச் சோதித்துப் பார்த்தார். ஆள் எப்படிப்பட்டவர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது எனலாம்.

அந்தக் காலத்தில் மண்டையோட்டைத் திறப்பது பெரும்பாலும் மரணத்துக்குக் கதவு திறப்பது போலத்தான். இரண்டு காரணங்கள். ஒன்று, காயத்தில் கிருமி புகுந்து சீழ் பிடித்தல். மற்றது, மூளையின் எந்த இடத்தில் நோய் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாமை. எக்ஸ்ரே கூட 1895இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்கேன் என்ற சொல்லே இல்லை. முதற் சிக்கலுக்கு லிஸ்டர் அவர்களின் கிருமிநீக்க முறை வழி காட்டியது. இரண்டாவதற்கு, வலிப்பு உடலின் எந்தப் பாகத்தில் தொடங்கி எப்படிப் பரவுகிறது என்று பொறுமையாகக் கவனித்த ஹியூளிங்ஸ் ஜாக்சன் அவர்களும், குரங்கு மூளையின் எந்தப் பகுதி எந்த உறுப்பை அசைக்கிறது என்று கண்டறிந்த டேவிட் ஃபெரியர் அவர்களும் விடை தந்தார்கள். இவரே முதல்வர் என்று நாம் எழுதிவிடக் கூடாது. கிளாஸ்கோவில் மக்யுவன் 1879இலேயே இத்தகைய சிகிச்சையைச் செய்துவிட்டார். லண்டனில் 1884 நவம்பரில் ரிக்மன் கொட்லி ஒரு நோயாளியின் மூளைக்கட்டியை அகற்றினார். கட்டி சரியாகச் சொன்ன இடத்திலேயே இருந்தது, ஆனால் நான்கு வாரத்தில் அந்த நோயாளி காயத்தில் கிருமி தொற்றி இறந்துபோனார். ஹோஸ்லியின் பெருமை வேறு. அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த துணிகரச் செயலை அன்றாடம் செய்யக்கூடிய வைத்தியமாக ஆக்கியவர் அவர்.

1886இல் குயின் ஸ்குவெயரிலுள்ள, வலிப்பு நோயாளருக்கும் பாரிசவாத நோயாளருக்குமான தேசிய வைத்தியசாலை அவரைச் சத்திரசிகிச்சை வைத்தியராக நியமித்தது. அப்போது அவருக்கு வயது 28. அவ்வாண்டு மே 25ஆம் திகதி அங்கே அவர் செய்த முதற் சிகிச்சையை வைத்திய உலகம் இன்றும் பேசுகிறது. நோயாளி 22 வயது இளைஞர். சிறுவயதில் எடின்பரோ வீதியொன்றில் வண்டி மோதி மண்டையோடு உள்நோக்கிப் பதிந்துவிட்டது. பின்னர் வலிப்பு வரத் தொடங்கியது. வைத்தியசாலையில் சேர்ந்தபின் சில நாட்களுக்குள்ளேயே தாதியர் எண்ணிய வலிப்புகள் ஆயிரக்கணக்கில். அப்படிப்பட்ட பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு ஓர் இரவு எப்படிக் கழியும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்சனும் ஃபெரியரும் பக்கத்தில் நின்று பார்க்க, ஹோஸ்லி மண்டையோட்டைத் திறந்து, மூளையில் இருந்த தழும்பை அகற்றினார். வலிப்பு நின்றது.

ஆண்டு முடிவதற்குள் பத்து வரையான மூளைச் சிகிச்சைகளை அவர் செய்துவிட்டார், இறந்தவர் ஒருவரே. அவர் வெற்றிக்குக் காரணமான நுட்பங்களில் சில மிக எளிமையானவை. அதுவரை தலைத்தோலைச் சிலுவை போல வெட்டுவார்கள். நாற்புற முனைகளுக்கும் இரத்தம் போகாமல் தோல் அழுகிவிடும். இவர் இரத்தக்குழாய் போகும் பக்கத்தை விட்டுப் பிறை வடிவாக வெட்டி மடித்துத் திறந்தார். வெட்டிய எலும்பின் ஓரத்திலிருந்து கசியும் இரத்தத்தை நிறுத்துவதற்குத் தேன்மெழுகும் வாதுமை எண்ணெயும் கலந்த ஒரு மெழுகைப் பூசினார். 1892இல் அவர் எழுதிவைத்த இந்த எலும்பு மெழுகு, சேர்மானம் சற்று மாறி, இன்றும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் உபயோகத்தில் இருக்கிறது.

1887 ஜூன் 9ஆம் திகதி நடந்தது இன்னும் பெரிய விடயம். ஒருவருக்குச் சில ஆண்டுகளாக முதுகில் பொறுக்க முடியாத வலி. வைத்தியர் பலரிடம் போய்ப் பயனில்லை. கடைசியில் இரு கால்களும் செயலற்றுப் போயின. முள்ளந்தண்டினுள் கட்டி இருக்கிறது என்று நரம்பியல் வைத்தியர் கவர்ஸ் முடிவு செய்தார். அதுவரை அத்தகைய கட்டியை எவரும் வெற்றிகரமாக அகற்றியதில்லை. ஹோஸ்லி முதுகெலும்பைத் திறந்தார். சொன்ன இடத்தில் கட்டி இல்லை. இன்னொரு எலும்பையும் எடுத்துப் பார்த்தார், அங்கும் இல்லை. அத்தோடு மூடித் தைத்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் உதவியாளரும் இன்னும் மேலே போனார்கள். அங்கே வாதுமைப் பருப்பு அளவில் கட்டி முண்ணாணை அழுத்திக்கொண்டிருந்தது. அது எடுக்கப்பட்டது. நோயாளி மெல்ல மெல்ல எழுந்து நடந்து, தமது தொழிலுக்கே திரும்பிப் போனார். கவர்ஸும் ஹோஸ்லியும் சேர்ந்து இதை 1888இல் வெளியிட்டனர்.

அவருடைய கை மிக வேகமானது. பின்னாளில் அமெரிக்காவில் இத்துறையின் தந்தையெனப் போற்றப்பட்ட ஹாவி குஷிங் 1900இல் லண்டன் வந்து இவரைப் பார்த்தார். அந்த அவசரம் அவருக்குப் பிடிக்கவில்லை; நெடுநாள் தங்கவும் இல்லை. பொறுமையாக மணிக்கணக்கில் செய்யும் குஷிங்கின் முறையே பின்னர் நிலைத்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி, நம்மில் சைவ உணவு உண்போர் பலருக்கு நெருடலாக இருக்கக்கூடிய பகுதி. ஹோஸ்லி தமது ஆய்வுகளைக் குரங்குகள் மீதும் நாய், பூனைகள் மீதும் செய்தார். 1884 முதல் 1890 வரை தென் லண்டனில் பிரவுண் நிலையத்தின் பொறுப்பாளராக இருந்தார். நோயுற்ற விலங்குகளுக்கு வைத்தியம் செய்வதற்கென ஒரு தனவந்தர் எழுதிவைத்த தருமத்தில் அமைந்த இடம் அது. அங்கேயே ஆய்வும் நடந்தது. விலங்குவதை எதிர்ப்பாளர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். அவரும் அதே கடுமையோடு திருப்பிப் பேசினார். அவர் பேச்சில் கனிவு குறைவு என்பதை நண்பர்களே ஒப்புக்கொண்டனர். யார் பக்கம் நியாயம் என்று நாம் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் அதனால் கிடைத்தது என்ன என்பதை அறிந்துகொண்டு பேசுவது முறை. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை அகற்றிய குரங்குகள் மந்தமாகி, உடல் குளிர்ந்து, வீங்கிப் போனதை அவர் காட்டினார். மனிதரில், முக்கியமாகப் பெண்களில், காணப்பட்ட அதே நோய்க்குச் சுரப்பிக் குறைவே காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று. அவருடைய மாணவர் ஜோர்ஜ் மரே 1891இல் நியூகாசிலில் செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஏற்றினார்; அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று காலையில் வெறுவயிற்றில் தைரொக்சின் குளிசை விழுங்கும் சகோதரிகள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

விசர்நாய்க் கடியும் அப்படியே. பாரிஸில் பாஸ்டர் கண்டுபிடித்த தடுப்பு மருந்தை ஆராய 1886இல் பிரித்தானிய அரசு அமைத்த குழுவுக்கு ஹோஸ்லி செயலாளர். பாரிஸ் சென்று பார்த்து, திரும்பி வந்து தாமே சோதித்து, பாஸ்டர் சொன்னது சரி என்று உறுதிப்படுத்தினார். அத்தோடு நில்லாமல், நாய்களுக்கெல்லாம் வாய்க்கூடு கட்டச் சட்டம் வேண்டும் என்று வாதாடினார். நாய் வளர்ப்போர் கொதித்தெழுந்தனர். ஆனால் 1902இல் இந்நாட்டிலிருந்து அந்நோய் ஒழிந்தது. நமது நாடுகளில் தெருவில் நாயைக் கண்டு ஒதுங்கி நடந்து பழகிய நாம், இங்கே பூங்காவில் அச்சமின்றி நடப்பதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. தமிழ்நாட்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் திறக்கப்பட்டதையும் இங்கே நினைவுகூரலாம்.

1908இல் அவரும் றொபேட் கிளாக் என்பவரும் ஒரு கருவியை வெளியிட்டனர். தலையைச் சட்டத்தில் பொருத்தி, நீளம் அகலம் ஆழம் என்ற மூன்று அளவுகளைக் கொண்டு, மூளையின் உள்ளே குறித்த புள்ளியொன்றுக்கு ஊசியைச் செலுத்தும் முறை அது. அடிப்படை எண்ணம் கிளாக்குடையது. பின்னர் இருவருக்கும் மனக்கசப்பு ஏற்பட்டு நட்பு முறிந்தது. அக்கருவி விலங்குகளுக்கானது, அதே முறையை மனிதருக்குப் பயன்படுத்தியது 1947இல் அமெரிக்காவில். சென்னைப் பொது வைத்தியசாலையில் 1950இல் இத்துறையைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி அவர்களின் குழுவினர் பின்னர் இம்முறையில் பெரும் பெயர் பெற்றனர் என்பது நமக்குப் பெருமை.

அவருடைய வரலாற்றை 1919இல் நூலாக எழுதியவர் ஸ்டீபன் பஜெட். விசர்நாய்க் கடிக் குழுவின் தலைவராயிருந்த சேர் ஜேம்ஸ் பஜெட்டின் மகன். விலங்காய்வை ஆதரிக்கும் சங்கத்தை நிறுவியவரும் அவரே. ஆகவே அந்நூல் நண்பர் எழுதிய நூல் என்பதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். பல்கலைக்கழகக் கல்லூரியில் கடிதங்களும், குயின் ஸ்குவெயரில் அக்கால நோயாளர் குறிப்பேடுகளும் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான் பிற்காலத்தவர் அவற்றைத் திரும்பப் புரட்டிப் பார்க்க முடிகிறது. இதை எழுதும்போது நமக்கு ஒரு கவலை எழுகிறது. 1960களில் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் இங்கு வந்து, ஒருவரும் போக விரும்பாத ஊர்களில் வைத்தியம் பார்த்த நமது பெரியவர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் எங்கே? பல வீடுகளில் அவை பரணில் கிடக்கின்றன. வீடு விற்கும்போது குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. பிள்ளைகள் தமிழ் வாசிக்காவிட்டாலும் அவற்றை எறியாமல் வைத்திருக்கட்டும்.

1902இல் சேர் பட்டம் கிடைத்தது. வசதியாக ஓய்ந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வம்பு வேண்டியிருந்தது போலும். மது உடலுக்கு என்ன செய்கிறது என்று மேரி ஸ்டேர்ஜ் என்ற பெண் வைத்தியருடன் சேர்ந்து 1907இல் நூல் எழுதினார். (நமது கலியாண மண்டபங்களில் பின்கதவுப் பக்கம் கூடும் அன்பர்கள் அதைப் படித்தால் நல்லது.) பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு மேடையேறினார். ஆர்ச்வேயிலிருந்து கீழே இறங்கினால் வரும் ஹொலவேயில், 2016இல் மூடப்பட்ட அந்தப் பெண்கள் சிறைச்சாலையில், உண்ணாவிரதமிருந்த போராளிப் பெண்களுக்குக் குழாய் செருகிப் பலவந்தமாக உணவூட்டினார்கள். அது வைத்தியமன்று, கொடுமை என்று 1912இல் இன்னும் இரு வைத்தியர்களுடன் சேர்ந்து அறிக்கை வெளியிட்டார். பாராளுமன்றம் செல்ல ஆசைப்பட்டு 1910இல் தோற்றார். பின்னரும் இந்தக் கொள்கைகளே அவருக்குத் தடையாயின. ஒன்றையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1914இல் யுத்தம் மூண்டது. 57 வயதில் சீருடை அணிந்து எகிப்துக்கும், அங்கிருந்து கலிப்போலி முனைக்கும் போனார். படைவீரருக்குச் சாராயப் பங்கு கொடுப்பதை அங்கேயும் எதிர்த்தார். 1916இல் மெசப்பொத்தேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்கிற்கு, தாமே கேட்டுப் போனார். அங்கே போரிட்டவர்களில் பெரும்பகுதியினர் இந்தியர். மெட்ராஸ் சப்பர்ஸ் படையினரும் அவர்களுள் இருந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் திகதி கூட் நகரில் பிரித்தானிய இந்தியப் படை சரணடைந்தது. காயம்பட்டவர்களை ஏற்றப் படகில்லை; மருந்தில்லை; பனிக்கட்டியில்லை. இந்த அலட்சியத்தைக் கண்டு பொங்கி ஹோஸ்லி வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. 1917இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்து, இந்தியாவுக்கான அமைச்சர் ஒஸ்ரின் சேம்பலின் பதவி விலகியபோது அதை அறிய அவர் உயிரோடு இல்லை. நோயாளரைப் பார்க்கக் கடும் வெயிலில் நடந்தே போகும் வழக்கத்தை அவர் விடவில்லை. வெப்பம் தாக்கி, 1916 ஜூலை 16ஆம் திகதி அமாரா நகரில் தமது 59ஆம் வயதில் காலமானார்.

அமாராவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். மண்ணிலுள்ள உப்பு கற்களை அரித்ததால் 1933இல் அம்மயானத்தின் நடுகற்கள் அகற்றப்பட்டு, பெயர்கள் பொறித்த சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. அதே அமாராவில் ஆற்றின் இடக்கரையில் இந்தியப் படையினருக்கெனத் தனி மயானம் இருக்கிறது. அங்கே உறங்குவோர் 5,000 பேர் வரை. அடக்கம் செய்தபோது ஒழுங்காகக் குறிப்பு எழுதி வைக்காததால், அவர்களில் ஒன்பது பேரின் பெயர்களே தெரியும்.