பொருள் சொல்வோர் கடன்: பண்டிதமணி மு. கதிரேசனார்

காரைக்குடியை அடுத்த பிள்ளையார்பட்டியைக் கற்பக விநாயகர் கோயிலால் நாடறியும். குன்றைக் குடைந்தமைத்த அக்கோயிலில் மிகப் பழைய எழுத்தில் பொறித்த சிறு கல்வெட்டொன்று உண்டு. அதில் வரும் ஆட்பெயரைப் பெரும்பரணன் எனப் படித்தோர் உளர். பெருந்தசன் எனப் படித்துத் தச்சுத் தொழிலோடு இயைத்தோரும் உளர். ஓரிரண்டு எழுத்துகளைப் படிக்கும் முறையால் ஒரு மனிதரின் அடையாளமே மாறிவிடுகிறது. பொருள் சொல்வோரின் கடன் எத்துணைப் பெரிது என்பதற்கு இஃதொன்றே போதும். அக்கடனை வாழ்நாள் முழுதும் தாங்கிய பேரறிஞர் ஒருவர் அதே செட்டிநாட்டு மண்ணில் தோன்றினார். அவரே பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் (1881–1953).

கணியன் பூங்குன்றனாரின் ஊர் எனப் போற்றப்படும் மகிபாலன்பட்டியே அவர் பிறந்த ஊர். திண்ணைப் பள்ளியில் அவர் பயின்றது சில மாதங்களே. இளம்பிள்ளைவாதம் காலைத் தாக்கியது. ஊன்றுகோல் வாழ்நாள் துணையாயிற்று. குலவழக்கப்படி சிறு வயதிலேயே வணிகத்தின்பொருட்டு இலங்கை சென்று மீண்டார். பின்னர்க் கல்வியே அவரது வணிகமாயிற்று.

தாமே நூல்களைப் படித்துப் புலமை பெற்றபோதும், அதனோடு அவர் அமையவில்லை. தமிழிலக்கணத்தைச் சோழவந்தான் அரசஞ்சண்முகனாரிடமும், வடமொழியைத் தருவை நாராயண சாத்திரியாரிடமும், சைவ சித்தாந்தத்தைக் காரைக்குடிச் சொக்கலிங்க ஐயாவிடமும் கேட்டுத் தெளிந்தார். தமிழோ வடமொழியோ என்று அறிஞர் பிரிந்து வழக்காடிய காலத்தில், இரண்டையும் கற்றே எதனையும் சொல்லத் துணிந்தார். ஒரு நூலுக்குப் பொருள் கூறுமுன் அதன் மொழியை அறிதல் வேண்டும் என்னும் நேர்மை அது.

1909 இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை எழக் காரணமானவர்களுள் அவர் முதன்மையானவர். 1934 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். திருவாசகப் பகுதிகளுக்கு அவர் வரைந்த உரை கதிர்மணி விளக்கம் எனப் பெயர் பெற்றது. சுக்கிர நீதி, கௌடிலீயம் முதலிய வடமொழி நூல்களையும் தமிழாக்கினார். தாம் போற்றிய பத்தி நூலுக்கும், அரச சூழ்ச்சிகளைப் பேசும் பொருள் நூலுக்கும் ஒரே உழைப்பைச் செலுத்தினார் என்பது நாம் எண்ணத்தக்கது. உவப்பானதற்கு மட்டும் நடுநிலை காட்டுவது நடுநிலை ஆகாது.

சூத்திரகரின் மிருச்சகடிகத்தை அவர் மண்ணியல் சிறுதேர் என்னும் அழகிய பெயரால் தமிழாக்கினார். அந்நாடகத்தின் கதையே நம் பொருளுக்குச் சான்றாகிறது. பொன்தேர் வேண்டி அழும் சாருதத்தனின் சிறுமகனுக்காக, அவனது மண்தேரில் வசந்தசேனை தன் அணிகலன்களைப் பெய்கிறாள். பின்னர் அவளைக் கொல்ல முயன்ற தீயவனே சாருதத்தன்மீது கொலைப்பழி சுமத்துகிறான். அணிகளை அவளிடமே திருப்பித் தரச் சென்ற நண்பனிடமிருந்து அவை வழக்கு மன்றத்தில் விழுகின்றன. அன்பின் அடையாளம் கொலையின் சான்றாகப் பொருள் கொள்ளப்படுகிறது. குற்றமற்றவனுக்குக் கொலைத் தண்டனை விதிக்கப்படுகிறது. உயிர் பிழைத்த வசந்தசேனை உரிய நேரத்தில் கொலைக்களம் வந்ததனாலேயே அவன் காப்பாற்றப்படுகிறான். மன்றத்தார் கண்ட அணிகள் மெய்யே. அவற்றுக்குக் கொண்ட பொருளே பொய். வாழ்க்கையில் எல்லா வழக்குகளிலும் வசந்தசேனை வந்து சேர்வதில்லை.

இவ்வெச்சரிக்கை எல்லாச் சமயத்து அறிவு மரபுகளிலும் காணப்படுகிறது. நபிமொழிகளைத் தொகுத்த இமாம் புகாரி (810–870), செய்தியைக் கேட்டவுடன் ஏற்றாரல்லர்; அதனை அறிவித்தோரின் தொடரையும், அவர்தம் நினைவாற்றலையும் நேர்மையையும் ஆராய்ந்த பின்னரே ஏற்றார். காலமும் சமயமும் வேறாயினும், பண்டிதமணியும் இமாமும் மேற்கொண்ட அறம் ஒன்றே என நாம் கருதுகிறோம்.

இன்று ஒரு வரியை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, ஒரு நொடியில் ஊரெங்கும் பரப்பிவிட முடிகிறது. அதனால் அண்டை வீட்டாரிடையே பகை மூளவும் கூடும். எனவே மாணவச் செல்வங்களே, ஒரு நூலுக்கோ நிகழ்ச்சிக்கோ பொருள் கூறுமுன் முன்னும் பின்னும் நோக்குங்கள், அறிந்தோரைக் கேளுங்கள், ஐயம் இருப்பின் அதனை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஊன்றுகோலின் துணையுடன் நடந்த அப்பெருமகனார் தம் உழைப்பால் நமக்குக் காட்டிச் சென்ற நெறி இதுவே.