ஹைதராபாத்து ஆசான் ஸையத் அப்துல் ரஹீம்

கல்லூரியொன்றின் விழா மலரில் உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவரின் வரலாற்றுக்கு இடமுண்டோ என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். நாம் எழுதப் புகுந்த பெரியார் பாடசாலை ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். ஆட்டக்களத்திலும் இறுதிவரை ஆசிரியராகவே நின்றவர். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், நாட்டணிகளின் பயிற்சியைப் பற்றி இன்று எழும் வினாவொன்றுக்கு அவர் வாழ்க்கை விடை பகர்கின்றது.

அவ்வினா யாதெனின், ஒரு நாட்டின் அணியைப் பயிற்றுவிப்பவர் அந்நாட்டவராயிருத்தல் வேண்டுமா, அயல்நாட்டவரை அழைத்தல் தகுமா என்பதே. எமது இலங்கை அணிக்கு அண்மை ஆண்டுகளில் ஸ்கொத்லாந்து, குவைத்து ஆகிய நாடுகளிலிருந்து பயிற்றுநர் வந்தனர். இந்திய அணியோ 2019 முதல் குரோசியா நாட்டினரான இகோர் ஸ்டிமாச்சின் பொறுப்பில் இருந்து, 2024இல் அவரை நீக்கி, ஸ்பானியர் ஒருவரை அமர்த்தி, 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் என்னும் தன் நாட்டவரிடமே மீண்டு வந்தது. ஆட்டக்காரர் மனக்குறை கொள்ளும்போதெல்லாம் பயிற்றுநரின் பிறந்த நாடே முதற்கண் பேசப்படுகின்றது. குறையின் வேர் அங்கேதான் உளதா என ஆராய்வார்க்கு ரஹீமின் வரலாறு பெரிதும் உதவும்.

ஸையத் அப்துல் ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று பட்டம் பெற்றார். அதன் அணியில் ஆடியும் பேர் பெற்றார். பின்னர் காச்சிகுடா நடுநிலைப் பாடசாலை முதலிய இடங்களில் ஆசிரியப் பணி புரிந்தார். உடற்கல்வியில் ஓராண்டுப் பயிற்சி பெற்று, தாருல் உலூம், சாதர்காட் ஆகிய உயர்தரப் பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். 1943இல் ஹைதராபாத்து உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். நகரப் பொலிஸ் அணியை அவர் பயிற்றுவித்த காலத்தில், 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணம் அவ்வணியையே சேர்ந்தது.

அக்காலத்து இந்திய ஆட்டக்காரரிற் பலர் வெறுங்காலுடன் ஆடுவர். பந்தைக் காலோடு ஒட்டிவைத்து எதிரிகள் இருவர் மூவரைக் கடந்து செல்வதே ஆட்டத்தின் அழகெனக் கொண்டனர். பார்ப்போரும் அதனையே கொண்டாடினர். பந்தை உடனே தோழனுக்குக் கொடுத்துவிடு என்று அத்தகையோரிடம் கூறின், தம் கைவந்த கலையைக் களைந்தெறியச் சொல்வதாகவன்றோ அவர்க்குத் தோன்றும்? மனக்குறை பிறக்குமிடம் இதுவே. ரஹீம் அவர்களைக் கடிந்துரைத்துத் திருத்த முயன்றாரல்லர். பந்தைக் கடத்திச் செல்லுதல் கூடாதென்னும் விதியுடன் போட்டிகள் நடத்தினார். பழகாத காலாலேயே உதைக்க வேண்டுமென்னும் போட்டிகளையும் இளைஞர்க்கு ஏற்படுத்தினார். வெற்றியை நாடி ஆடியவர்கள், தாம் மாறுவதை உணராமலே மாறினர். வகுப்பறையில் நெடுங்காலம் நின்று பழகிய ஆசிரியர்க்கே இவ்வழி தோன்றும்.

1951இல் தில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், அவர் பயிற்றிய இந்திய அணி ஈரானை ஒரு கோலால் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டு கொழும்பு மாநகரில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் ஆடிய கொழும்புக் கிண்ணப் போட்டியில், இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன.

அதே 1952இல் பேரிடியொன்றும் விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியா இந்தியாவை ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் தோற்கடித்தது. குளிர் மிகுந்த களத்தில் வெறுங்காலுடன் ஆடியவர் நிலைதடுமாறினர். அதன்பின் இந்தியச் சம்மேளனம் சப்பாத்து அணிதலைக் கட்டாயமாக்கியது. ரஹீமோ அத்தோல்வியைத் தமக்கு வாய்த்த பாடமாகக் கொண்டார். ஐரோப்பியர் ஆடும் முறையைக் கூர்ந்து நோக்கினார். 1953இல் ஹங்கேரி அணி வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்றென வென்றபோது, நடு முன்னணி ஆட்டக்காரரைச் சற்றே பின்னிழுத்து ஆடவிட்டு எதிரிகளைத் திகைக்க வைத்தது. ஹங்கேரியருக்கு நல்லாட்டத்தின் அடிப்படையை முன்னாளிற் கற்பித்தோருள் ஜிம்மி ஹோகன் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இத்தகைய முறைகளை ரஹீம் தம் அணிக்கேற்ப அமைத்துக்கொண்டார். பின்னணியில் நால்வர், நடுவில் இருவர், முன்னணியில் நால்வர் என நிறுத்தி 1958இல் பிரேசில் உலகக் கிண்ணம் வென்ற முறையையும் இந்தியாவில் வழங்கச் செய்தோருள் அவர் முதன்மையானவர்.

அதன் பயன் 1956இல் மெல்பேர்ணிலேயே தெரிந்தது. இந்தியா அவுஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டென வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்கள் புகுத்தினார். ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்னும் பெருமை இந்தியாவுக்குரியதாயிற்று. நான்காண்டுகளுக்கு முன் பத்துக் கோல் அடித்த அதே யூகோசிலாவியாவுக்கு எதிராக இம்முறை முதற்கோலை இந்தியாவே புகுத்தியது. இறுதியில் ஒன்றுக்கு நாலெனத் தோற்றதும், பின் பல்கேரியாவிடம் தோற்று நான்காமிடம் பெற்றதும் உண்மையே. ஆயினும், முன்னைய வேற்றுமை பெரிதும் குறைந்தமை யாவர்க்கும் விளங்கிற்று.

ரஹீம் இந்தியராயினும் தம் அணியிற் பலர்க்கு ஓராற்றால் அயலவரே என்பதை நாம் மறத்தலாகாது. கல்கத்தாவே அந்நாளில் இந்திய உதைபந்தாட்டத்தின் தலைநகர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் எனும் கழகங்களின் புகழ் நாடெங்கும் பரவியிருந்தது. வங்காளி, பஞ்சாபி, கோவாக்காரர், தமிழர், மலையாளி என மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டோர் ஓரணியில் நின்றனர். உருதுமொழி பேசும் ஹைதராபாத்து ஆசிரியர் ஒருவர் அவரனைவரையும் ஆளவேண்டியிருந்தது. தம்மூராரையே தேர்கின்றார் என்னும் ஐயம் எளிதில் எழத்தக்க நிலை அது.

அவ்வையத்துக்கு அவர் செயலே விடையாயிற்று. 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்குக்குச் சென்ற அணியில் அவர் மைந்தர் ஹக்கீமும் ஒருவர். ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய மூன்று நாடுகளுடனும் இந்தியா ஆடியது. பிரான்சுடன் ஒன்றுக்கொன்று எனச் சமநிலையும் கண்டது. அம்மூன்றில் ஒன்றிலேனும் ஹக்கீம் களமிறங்கவில்லை. தஞ்சையிற் பிறந்த சைமன் சுந்தரராஜ் போன்ற பிறர் ஆடினர். பயிற்றுநரின் மகன் வெளியே அமர்ந்திருந்தார். இதனைக் கண்ட ஆட்டக்காரன், தனக்கு இடமில்லையென்று கூறப்படும் நாளில், மனம் நோவானேயன்றி வஞ்சிக்கப்பட்டதாகக் கருதான்.

ஊரார் பிள்ளைகளை அவர் பேணிய வகையும் அறியத்தக்கது. சிகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்திற் பிறந்த துளசிதாஸ் பலராமின் ஆற்றலை ரஹீம் கண்டுகொண்டார். பயிற்சிக்கு ஹைதராபாத்து வரப் பொருளில்லையென இளைஞர் தயங்கியபோது, வாடகைத் துவிச்சக்கரவண்டிக்கான பணத்தைத் தாமே கொடுத்துதவினார். அவ்விளைஞரே பின்னர் ரோமாபுரியில் ஹங்கேரிக்கெதிராகக் கோல் புகுத்தியவர்.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவுக்கு அணியை அழைத்துச் சென்றபோது புற்றுநோய் அவரது நுரையீரலைப் பற்றியிருந்தது. முதலாட்டத்திலேயே தென் கொரியாவிடம் இந்தியா தோற்றது. பின்னணி வீரர் ஜர்னயில் சிங் தலையிற் காயமுற்றுத் தையலிட்டுக்கொண்டார். அன்றியும், இஸ்ரவேலும் தைவானும் அவ்விழாவில் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி கண்டித்தமையால், ஊர்மக்கள் இந்திய அணியைக் காணுந்தோறும் இரைந்து பழித்தனர். ரஹீம் மனங்கலங்கினாரல்லர். பின்னணியில் ஆட இயலாத ஜர்னயிலை முன்னணியில் நிறுத்தினார். தென் வியட்நாமுடனான அரையிறுதியில் ஜர்னயில் கோல் புகுத்தினார்.

இறுதியாட்டத்துக்கு முந்திய இரவு ரஹீம் தம் ஆட்டக்காரரை அழைத்து, நாளைய தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தருமாறு கேட்டுக்கொண்டார் என அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். செப்டெம்பர் 4ஆம் நாள், முன்னர்த் தம்மை வென்ற அதே தென் கொரியாவை இந்தியா இரண்டுக்கு ஒன்றென வென்றது. பி. கே. பானர்ஜியும் ஜர்னயில் சிங்கும் கோல்களைப் புகுத்தினர். சுனி கோஸ்வாமி தலைவராகவும் பீற்றர் தங்கராஜ் கோல் காப்பாளராகவும் நின்றனர். அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் நாள், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், ரஹீம் மறைந்தார். அதன்பின் இன்றுவரை ஆசிய விழாவின் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்கு வாய்த்திலது.

அவருக்குப்பின் ஹரி றைற் என்னும் ஆங்கிலேயர் பொறுப்பேற்று, 1964இல் ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியாவை இரண்டாமிடத்துக்குக் கொணர்ந்தார். ஆதலின் அயலவர் அனைவரும் தீங்கு செய்வார் என்பது பொருந்தாது. ஜோர்ஜ் றேனர் என்னும் ஆங்கிலேயரே சுவீடன் அணியை 1948இல் ஒலிம்பிக் தங்கத்துக்கும், 1958இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கும் வழிநடத்தினார். மறுபுறம், 2010இல் தென்னாபிரிக்காவில் பிரான்சு அணியினர், தம் தோழர் ஒருவரை வீட்டுக்கனுப்பியமையைக் கண்டித்துப் பயிற்சி செய்ய மறுத்துப் பேருந்தினுள் அமர்ந்திருந்தபோது, அவர்களின் பயிற்றுநர் பிரான்சு நாட்டவரே. மனக்குறைக்குக் காரணம் பயிற்றுநரின் தாய்நாடு என்பார்க்கு இதன்மேலும் மறுப்பு வேண்டுவதில்லை.

மலைநாட்டில் வாழும் எமக்கு இது புதுமையன்று. பிரட்டுக்களத்தில் நின்ற எம் முன்னோர் வெள்ளைத் துரையையும் கண்டனர். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபின் உள்நாட்டுத் துரையையும் கண்டனர். தம்மைப் பெயர் சொல்லி அழைத்து, நிறுவையிலும் பெயர்ப் பதிவிலும் நீதி செய்தவன் எவனோ அவனையே நல்ல துரையென்றனர். தோலின் நிறம் மாறியதனால் மட்டும் அவர்தம் குறை தீர்ந்துவிடவில்லை.

இன்று லயத்து முற்றத்திலும் வீதி வளைவிலும் எம் சிறுவர் பந்துதைக்கின்றனர். பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டு மறையின் ஆட்டம் அத்துடன் முடிகின்றது. ஹட்டன் டன்பார் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வருவதற்கு பஸ் கட்டணமின்றி நின்றுவிடும் பிள்ளை தோட்டந்தோறும் உளன். அணியைப் பயிற்றுவிக்க எந்நாட்டவரை அழைப்பது என்பதைச் சம்மேளனங்கள் முடிவு செய்யட்டும். அப்பிள்ளையின் பெயரைக் கேட்டறிந்து, கட்டணத்தைக் கையிற் கொடுத்து, நாளையும் வா என்று சொல்லுதல் பழைய மாணவராகிய நீவிரும் ஆசிரியராகிய நாமும் செய்யக்கூடியது. ஹைதராபாத்து ஆசான் துவிச்சக்கரவண்டி வாடகையில் தொடங்கியதும் அதுவே.