கொலை வழக்கில் சிக்காத தாதா, வரிக் கணக்கில் சிக்கியது எப்படி? சிகாகோவை ஆட்டிப்படைத்த அல் கபோனின் கதை

அமெரிக்காவின் சிகாகோ நகரம் என்றதும் இன்றைக்கும் பலருக்கு ஞாபகம் வரும் பெயர் அல் கபோன். கள்ளச்சாராயம், சூதாட்டம், விபச்சார விடுதி, கொலை என அவர் மேல் இல்லாத புகாரே இல்லை. ஆனா கோர்ட் அவருக்குக் கொடுத்த பெரிய தண்டனை எதற்குத் தெரியுமா? வருமான வரி கட்டாததற்கு!

அத்தனை பெரிய நகரத்தில் ஒரு கொலையைக்கூட அவர் மேல் நிரூபிக்க முடியாமல் போனது ஏன்? கபோனின் வாழ்க்கையைப் பார்த்தால் சிகாகோவின் கதையும் சேர்ந்தே தெரியவரும்.

யார் இந்த அல் கபோன்?

1899 ஜனவரி 17-ம் தேதி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர் கபோன். இத்தாலியில் இருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா முடிதிருத்தும் தொழிலாளி, அம்மா துணி தைப்பவர். வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள்.

ஆசிரியை ஒருவரை அடித்துவிட்டதால் 14 வயதில் படிப்பு முடிந்தது. அதன்பிறகு தெருக் கும்பல்களோடு சுற்றியவர், ஃபிராங்கி யேல் என்ற தாதாவின் மதுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு பெண்ணிடம் தவறாகப் பேசப்போய், அவருடைய அண்ணன் கத்தியால் கீறியதில் இடது பக்கம் முகத்தில் 3 வெட்டு. 'ஸ்கார்ஃபேஸ்', அதாவது தழும்பு முகத்தான் என்ற பட்டப்பெயர் வந்தது இப்படித்தான். கபோனுக்கு அந்தப் பெயர் சுத்தமாகப் பிடிக்காது. ராணுவத்தில் சேராதவர், அது போரில் பட்ட காயம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறந்தநாள் பரிசாக வந்த மதுவிலக்கு

ஜானி டோரியோ என்ற தாதா அழைத்ததால் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தார் கபோன். 1920 ஜனவரி 17-ம் தேதி அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அன்றைக்குத்தான் கபோனுக்கு 21 வயது!

மது தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வண்டியில் கொண்டுபோகக் கூடாது. ஆனா குடிப்பது மட்டும் குற்றம் இல்லை. சட்டம் இப்படி இருந்ததால் குடிக்கிறவர்கள் அப்படியே இருந்தார்கள், விற்கிறவர்கள் மட்டும் மாறினார்கள். அதுவரை உரிமம் வாங்கி நடந்த வியாபாரம் மொத்தமும் கும்பல்களின் கைக்குப் போனது. நகரம் முழுக்க ரகசிய மதுக்கடைகள் முளைத்தன.

இன்ன ஏரியா இன்ன கும்பலுக்கு என்று டோரியோ சிகாகோவைப் பங்கு பிரித்துக் கொடுத்தார். பங்கு சரியாக இருந்தவரை அமைதி. எல்லை தாண்டினால் துப்பாக்கி. 1924 நவம்பரில் வடக்குப் பகுதி தாதா டீன் ஓ'பேனியன், தன்னுடைய பூக்கடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2 மாதம் கழித்து டோரியோவையே சுட்டார்கள். உயிர் பிழைத்தவர், பொறுப்பைக் கபோனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்போது கபோனுக்கு 26 வயது.

போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது?

பலர் மாமூல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். போலீஸ், அரசு வழக்கறிஞர் அலுவலகம், அரசியல்வாதிகள் என்று எல்லா மட்டத்திலும் கும்பல்களின் பணம் பாய்ந்தது.

சிகாகோவை ஒட்டிய சிசெரோ நகரில் 1924 ஏப்ரல் 1-ம் தேதி உள்ளாட்சித் தேர்தல். வாக்குச்சாவடிகளில் துப்பாக்கியோடு நின்றார்கள் கபோன் ஆட்கள். அன்றைய மோதலில் கபோனின் அண்ணன் ஃபிராங்க் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் ஜெயித்தது கும்பல் ஆதரித்த அணிதான்.

பத்திரிகையும் தப்பவில்லை. 1930-ல் சிகாகோ டிரிபியூன் நிருபர் ஜேக் லிங்கிள் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். கடமைக்காக உயிர்விட்டவர் என்று முதலில் கொண்டாடினார்கள். பிறகுதான் அவருடைய வருமானம் நிருபர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது தெரியவந்தது.

நல்லவரா? கெட்டவரா?

மக்கள் கேட்பதைக் கொடுக்கும் சாதாரண வியாபாரிதான் தான் என்பது கபோன் எப்போதும் வைத்த வாதம். தன்னிடம் சரக்கு வாங்குகிற பெரிய மனிதர்களே தன்னைக் குற்றவாளி என்கிறார்களே என்று அவர் கேட்டதில் ஓரளவு உண்மையும் இருந்தது.

பொருளாதாரச் சரிவில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்த நேரம். 1930 இறுதியில் சிகாகோவில் இலவச உணவுக்கூடம் திறந்தார் கபோன். சூப், ரொட்டி, காபி என்று தினம் 3 வேளை. பசியோடு வரிசையில் நின்றவர்களுக்கு அவர் தெய்வம்தான்.

ஆனா அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? எங்களிடம்தான் பீர் வாங்கணும் என்று மிரட்டப்பட்ட கடைக்காரர்கள், விபச்சார விடுதிகளில் சிக்கிய பெண்கள் எல்லோரும் அந்தக் கல்லாவின் பின்னால் இருந்தார்கள். வியாபாரி என்றால் போட்டியாளரை விலை குறைத்து ஜெயிக்கணும். கபோனின் சந்தையில் போட்டியாளர்கள் பிணமாகத்தான் வெளியேறினார்கள்.

7 பேரை பலிவாங்கிய காதலர் தினம்

1929 பிப்ரவரி 14. வடக்கு கிளார்க் தெருவில் ஒரு கராஜ். போலீஸ் உடையில் வந்த ஆட்களைப் பார்த்து, வழக்கமான சோதனை என்று நினைத்து 7 பேர் சுவர் பக்கம் திரும்பி நின்றார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் வெடித்தன. இறந்தவர்களில் ஒருவர் கார் மெக்கானிக், இன்னொருவர் கும்பலோடு பழகிய கண் கண்ணாடிக்காரர். குறி வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் எதிரி தாதா பக்ஸ் மோரன், தாமதமாக வந்ததால் தப்பித்தார்.

அந்த நேரம் கபோன் இருந்தது ஃபுளோரிடாவில். இந்தக் கொலைகளுக்காகக் கடைசிவரை யாரும் தண்டிக்கப்படவே இல்லை. ஆனா சுவரோரம் கிடந்த உடல்களின் புகைப்படங்கள் நாட்டையே உலுக்கின. கள்ளச்சாராயத்தை வேடிக்கையாகப் பார்த்தவர்களுக்கு, அதன் விலை என்னவென்று கண்ணுக்குத் தெரிந்தது.

வரியில் சிக்கியது எப்படி?

கபோனைப் பிடித்தே ஆகணும் என்று அதிபர் ஹூவர் அரசு இறங்கியது. எலியட் நெஸ் தலைமையிலான மதுவிலக்கு அதிகாரிகள் மதுத் தொழிற்சாலைகளை உடைத்தார்கள். சினிமாவில் பேர் வாங்கியது இவர்கள். வழக்கை ஜெயித்தது ஃபிராங்க் வில்சன் என்ற வருமான வரி அதிகாரியின் குழு.

- சட்டவிரோதமாக வந்த வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.
- கபோன் எல்லாச் செலவையும் ரொக்கத்தில் செய்தார். மயாமி பங்களாகூட மனைவி பெயரில்தான் இருந்தது.
- 1926-ல் நடந்த ஒரு ரெய்டில் கிடைத்த சூதாட்ட விடுதியின் கணக்கு நோட்டு, கவனிக்கப்படாமல் கிடந்தது. அதை எழுதிய கணக்காளரைத் தேடிப்பிடித்து சாட்சி சொல்ல வைத்தார் வில்சன்.

தீர்ப்பு சொல்ல வேண்டிய ஜூரி குழுவினரை விலைக்கு வாங்கக் கபோன் தரப்பு முயல்வதாகத் தகவல் வந்தது. நீதிபதி வில்கர்சன் கடைசி நேரத்தில் மொத்த ஜூரி பட்டியலையும் மாற்றிவிட்டார். 1931 அக்டோபரில் 11 ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம்.

கடைசி காலம்

1934-ல் அல்காட்ராஸ் தீவுச் சிறைக்கு மாற்றப்பட்டார் கபோன். இளம்வயதில் தொற்றிய சிபிலிஸ் நோய் மூளையைத் தாக்கியிருந்தது. 1939-ல் விடுதலையானபோது பழைய தாதா இல்லை. 1947 ஜனவரி 25-ம் தேதி ஃபுளோரிடா வீட்டில் இறந்தார். வயது 48.

மதுவிலக்கு 1933-லேயே ரத்தாகிவிட்டது. கபோன் உள்ளே போனதும் கும்பல் கலையவில்லை. சூதாட்டம், தொழிற்சங்கங்களில் ஊடுருவல் என்று தொழிலை மாற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓடியது. ஒரு தலைவரைச் சிறையில் போட ஒரு கணக்கு நோட்டு போதுமானதாக இருந்தது. ஆனா அதே நோட்டின் மறுபக்கத்தில் இருந்தவர்கள், அதாவது மாமூல் வாங்கியவர்கள், ஓட்டுக்காகக் கண்ணை மூடிக்கொண்டவர்கள், தெரிந்தே வாங்கிக் குடித்தவர்கள் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

சிகாகோ அருகே மவுண்ட் கார்மல் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது கபோனின் சமாதி. பூக்கடையில் கொல்லப்பட்ட ஓ'பேனியன் புதைக்கப்பட்டிருப்பதும் அதே தோட்டத்தில்தான்.